மொய் நோட்டு முதல் கப்பல் பட்டியல் வரை: கொடிவழி ஆய்வாளரிடம் வாசகர் கேள்விகள்

குடும்பங்களின் கொடிவழியை, அதாவது தலைமுறை வரிசையை, தேடித் தருவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட சென்னை ஆய்வாளர் ஒருவர் இம்மாதம் பதில் அளிக்கிறார். கடந்த ஓராண்டில் அவர் எடுத்துச் செய்த தேடல்களை முன்னிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன.

அம்மா, கொடிவழி தேடுவது ஒரு தொழிலாக இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. இந்த ஓராண்டில் உங்களைத் தேடி வந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

என் தந்தை பத்திர எழுத்தர். பழைய பத்திரங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்று என்னிடம் கேட்பது அவருடைய வழக்கம். அந்தப் பயிற்சியே பிற்காலத்தில் எனக்குத் தொழிலாயிற்று.

கப்பலேறிப் போனவர்களின் கொள்ளுப் பேரர்களும் எள்ளுப் பேரர்களும் தென்னாப்பிரிக்கா, மொரீசியஸ், பிஜி, மலேசியா ஆகிய நாடுகளிலிருந்து எழுதுகிறார்கள். இவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஓர் ஊரின் பெயர். மொரீசியஸில் ஏழாம் தலைமுறையினரும் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) பெறச் சிறப்பு ஏற்பாடு செய்யப்படும் என்று 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. பொது விதியோ கொள்ளுப் பேரன், கொள்ளுப் பேத்தி என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஆகவே அந்த அறிவிப்புக்குப் பின்னர் அத்தீவிலிருந்து வரும் கடிதங்களில் உணர்வோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. பாகப்பிரிவினை வழக்குக்காகக் கொடிவழிப் பட்டியல் கேட்டு வருபவர்கள் எல்லா ஆண்டுகளையும் போலவே இந்த ஆண்டும் வந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தவர்கள், எழுபது வயதைக் கடந்த பிறகு, தமக்கு மட்டுமே தெரிந்த பெயர்கள் தம்மோடு போய்விடக் கூடாது என்று நினைத்துத் தாமாக வந்து உட்கார்ந்த பெரியவர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட நாட்களில், எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காதவற்றை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் பாட்டனாரின் பாட்டனார் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர். எங்கள் குடும்பப் பெயர் ‘கவெண்டர்’. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகி, டர்பன்

ஊரைக் கண்டுபிடிக்க வழியுண்டு. ஆனால் குடும்பப் பெயர் உங்களுக்கு உதவாது. கவுண்டர் என்பது கவெண்டர் ஆனதும் முதலி என்பது மூட்லி ஆனதும் நேட்டாலின் எழுத்தர்கள் கைக்கு வந்தபடி எழுதியதால் நேர்ந்தவை. நம் முன்னோருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதபோது, ஒருவருக்குச் சாதிப் பட்டமும் அவருடைய தம்பிக்குத் தந்தையின் பெயரும் குடும்பப் பெயராகப் பதிவாகி, இரண்டு தலைமுறைக்குள் பங்காளிகள் அயலார் ஆகிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தேட வேண்டியது ஓர் எண்ணை. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது தொடங்கி 1911 வரையில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள், எஞ்சியோர் கல்கத்தாவில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுக்கப்பட்டது. திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, ஒப்பந்த விடுவிப்பு என்று எங்கே போனாலும் அந்த எண் அவரைத் தொடர்ந்தது. உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய திருமணச் சான்றையோ இறப்புச் சான்றையோ எடுத்துப் பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அவருடைய வரியைப் பிடித்துவிடலாம். பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையமும் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என அந்த ஒற்றை வரியில் கிடைக்கும் செய்திகள், ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணன் தம்பியைப் பற்றி நமக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை.

கிராமத்தின் பெயரைப் படிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. தமிழில் சொல்லப்பட்டதைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதியபோது ல, ள, ழ ஆகிய மூன்றும் ஒன்றாயின, குறிலும் நெடிலும் கலந்தன. ஜில்லாவின் எல்லையும் இன்றுள்ளதன்று. வட ஆற்காடு என்று பட்டியலில் இருந்தால் அது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் எங்கேயும் இருக்கலாம். சித்தூர்ப் பக்கமாக இருந்தால் ஆந்திரத்திலும் இருக்கலாம். போளூர், வந்தவாசி தாலுகாக்கள் அன்று வட ஆற்காட்டைச் சேர்ந்தவை, 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் திருவண்ணாமலையோடு சேர்ந்தவை. ஆகவே முதலில் தாலுகாவை உறுதிசெய்து, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமங்களை வரிசையாக எழுதி, குக்கிராமங்களையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் ஆங்கிலேய எழுத்தர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் குடும்பம் ஒன்றுக்காகப் போளூர் வட்டாரத்தில் தேடியபோது, ஒத்த ஒலியுள்ள மூன்று ஊர்கள் எஞ்சின. அந்தக் குடும்பத்தின் மூதாட்டியிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். ஆடி மாதக் கூழ் வார்ப்பின்போது மாரியம்மனோடு சேர்த்து இன்னோர் அம்மன் பெயரையும் சொல்லிக் கும்பிடுவது தங்கள் வீட்டு வழக்கம் என்றார். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. மூன்று ஊர்களில் ஒன்றின் ஏரிக்கரையில் அந்தப் பெயருள்ள அம்மன் இருக்கிறாள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஊர் மறந்து, எழுதப் படிக்கத் தமிழும் மறந்த ஒரு குடும்பம் அந்தப் பெயரை மட்டும் வாயில் வைத்திருந்தது. அன்றைக்கு என்னால் அந்தக் கரையை விட்டு உடனே எழுந்து வர முடியவில்லை. ஆனால் அந்த ஊரில் இன்று இருப்பவர்களில் யார் அவர்களுடைய பங்காளிகள் என்பதை என்னால் நிறுவ முடியவில்லை. என் அறிக்கையில் ஊர் ‘உறுதி’ என்றும் உறவினர் ‘உறுதியாகவில்லை’ என்றும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பயணம் வந்து, அந்த ஏரிக்கரையில் பொங்கல் வைத்துவிட்டுச் சென்றார்கள்.

எங்கள் வீட்டில் பத்திரமும் இல்லை, ஜாதகமும் இல்லை, பழைய புகைப்படமும் இல்லை. எங்கள் தாத்தாவுக்கு நிலமே கிடையாது. எங்களைப் போன்றவர்கள் எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் நிலமில்லாத குடும்பங்களின் வரலாற்றை எழுதுவதற்கு நம் அரசாங்கப் பதிவேடுகள் உருவாக்கப்படவில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று யாவும் நிலத்தின் வரலாறு. நிலத்தை வைத்திருந்தவர் அதில் துணைப் பாத்திரமாக வருகிறார். உழுதவர் வருவதே இல்லை.

உங்கள் வீட்டிலோ, பெரியப்பா வீட்டிலோ, அத்தை வீட்டுப் பரணிலோ மொய் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். திருமணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் என ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு நோட்டு இருக்கும். பிள்ளையார் சுழிக்குக் கீழே தாய்மாமன் பெயரில் தொடங்கி, ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும் அந்த நோட்டை யாரும் வரலாற்றுக்காக எழுதவில்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காகவே எழுதினார்கள். அதனாலேயே அது நம்பத்தக்கது: தவறாக எழுதினால் அடுத்த விசேஷத்தில் சண்டை வரும். தாய்மாமன் இல்லாத வீட்டில் அந்த முதல் வரியில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒரு குடும்ப நிகழ்வையே சொல்லிவிடும். பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், பிழைக்கப் போன ஊர் எல்லாம் அங்கே பெயரோடு நிற்கின்றன. இரண்டு விசேஷங்களின் நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தக் கிளை விலகியது, யாருடைய பெயருக்குப் பதிலாக அவர் மகனுடைய பெயர் வந்தது, அதாவது யார் காலமானார் என்பதும் தெரியும். இந்த ஆண்டு திருமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு நான் வரைந்து கொடுத்த ஐந்து தலைமுறைக் கொடிவழி, பெரும்பகுதி நான்கு மொய் நோட்டுகளிலிருந்து எழுந்தது.

நோட்டுக்குப் பிறகு பெரியவர்களிடம் போங்கள். ‘உங்கள் தாத்தாவின் தாத்தா பெயர் என்ன’ என்று கேட்டால் விடை கிடைக்காது. ‘யார் வீட்டில் இறப்பு நேர்ந்தால் நமக்குத் தீட்டு’ என்று கேளுங்கள். அதுவே உங்கள் பங்காளிகளின் பட்டியல். ‘முதல் முடி எந்தக் கோயிலில் இறக்கினார்கள், சிவராத்திரிக்கு எந்த ஊருக்குப் போவார்கள், அங்கே நமக்கு முன்னால் யாருக்கு விபூதி கொடுப்பார்கள்’ என்று கேளுங்கள். குலதெய்வக் கோயிலில் வரி கட்டும் தலைக்கட்டுகளின் பட்டியலைப் பூசாரியோ கோயில் கணக்கரோ வைத்திருப்பார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒன்பது நகரக் கோயில்களிலும் மணமான ஒவ்வோர் ஆணையும் ஒரு புள்ளியாகக் கணக்கில் வைத்துப் பேணுவதைப் பலரும் வியந்து பேசுவதுண்டு. அதே கணக்கின் எளிய வடிவம் ஒன்று உங்கள் ஊர்க் கோயிலிலும் இருக்கக்கூடும்.

எங்கள் கொள்ளுத் தாத்தா ‘தாது வருஷத்தில் பிறந்தவர்’ என்பது குடும்பத்தில் வழங்கிவரும் பேச்சு. ஆங்கில ஆண்டு எது என்று எப்படி முடிவுசெய்வது?
– ஒரு வாசகர், சேலம்

தமிழ் ஆண்டுகளின் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை சுழன்று வருவதால் தாது என்பது 1876–77 ஆகவும் இருக்கலாம், 1936–37 ஆகவும் இருக்கலாம். முதலாவது, சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தின் நினைவு அத்தனை வலுவானது என்பதால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னும் பின்னும் பிறந்தவர்களைக்கூடக் குடும்பங்கள் அந்த ஆண்டில் கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. உங்கள் தாத்தா எந்த ஆண்டு பிறந்தார் என்பது தெரிந்தால், அவருடைய தந்தை எந்தச் சுழற்சியில் வருவார் என்பது கணக்கிலேயே விளங்கிவிடும்.

பழைய பத்திரம் கையில் இருந்தால் முத்திரைத் தாளைப் பாருங்கள். விக்டோரியா அரசியின் தலை இருந்தால் பொதுவாக 1901க்கு முற்பட்டது. ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 தொடக்கம் வரை. தேதி எழுதிய இடத்தில் ௵ என்பது வருடத்துக்கும் ௴ என்பது மாதத்துக்கும் ௳ என்பது நாளுக்கும் உரிய குறிகள். மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் நான்கும் எழுதப்பட்டிருந்தால் பஞ்சாங்கத்தைக் கொண்டு சுழற்சியை ஐயமின்றித் தீர்மானிக்கலாம். அறுபது ஆண்டு இடைவெளியில் அவை நான்கும் மீண்டும் ஒன்றாகப் பொருந்துவது அரிது.

நீங்கள் வரையும் கொடிவழிகளில் பெண்கள் இருக்கிறார்களா? என் பாட்டியின் அம்மா பெயரை அறிய நான் பத்து ஆண்டுகளாக முயல்கிறேன்.
– ஒரு வாசகி, மதுரை

உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். நீதிமன்றத்தில் தாக்கலாகும் பழைய கொடிவழிப் பட்டியல்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே இருக்கின்றன, சில இடங்களில் ‘பெண் சந்ததி’ என்ற இரண்டு சொற்களோடு ஒரு கிளையே முடிந்துவிடுகிறது. கடந்த ஆண்டு முதல் நான் ஒரு விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஒரு தலைமுறையில் மனைவி, மகள், சகோதரி ஆகியோரைத் தேடி முடிக்காமல் அதற்கு மேற்பட்ட தலைமுறைக்குப் போவதில்லை. வேலை மெதுவாகிறது என்று சிலர் வருந்தினார்கள், ஆனால் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

பத்திரங்களில் பெண்கள் தோன்றும் இடங்கள் குறைவு என்றாலும் அவற்றை அறிந்து தேடலாம். கணவன் இறந்து பிள்ளைகள் சிறுவயதினராக இருக்கும்போது, ‘மைனர்களுக்காக அவர்களின் தாயும் கார்டியனுமான இன்னார்’ என்று ஒரு பெண் கையெழுத்தோ கைநாட்டோ இட்டிருப்பார். சீதனமாக வந்த நிலத்தை விற்கும்போது தன் தந்தையின் பெயரைச் சொல்லியே விற்றிருப்பார். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்த பிறகு, பங்குரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களில் மகள்களின் பெயர்கள் வரிசையாக வரத் தொடங்கின. உரிமையைக் கொடுத்த சட்டத்தின் பயனாகக் கொடிவழி ஆய்வாளருக்குக் கிடைப்பது, உரிமையை விட்டுக்கொடுத்த கையெழுத்து. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற பெண்களின் நிலை வேறு. பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் 1916 வரை கப்பல்கள் போயின. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதம் விதியாக இருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி அனுமதிச் சீட்டு. அதில் அவருடைய பெயர், தந்தை பெயர், வயது, உயரம், நெருங்கிய உறவினர் பெயர், மணமானவரா என்ற விவரம், ஊர், மச்சமோ தழும்போ இருந்தால் அதுவும் எழுதப்பட்டது. அவர்களைக் கூலிகளாக எண்ணிக் கணக்கிட்ட ஓர் அமைப்பு, கிராமத்தில் தங்கிய அவர்களின் சகோதரிகளைப் பற்றி எந்தப் பதிவேடும் சொல்லாததை அவர்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறது.

உங்கள் பாட்டியின் பிறந்த ஊரில் அவருடைய தாய்மாமன் வழியினர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பாட்டியின் அம்மா அவர்களுக்கு மகளோ சகோதரியோ அல்லவா? புகுந்த வீடு மறந்த பெயரைப் பிறந்த வீடு வைத்திருக்கும்.

கைப்பேசியில் வரும் செய்தி ஒன்றில், பாட்டன், பூட்டன் என்று தலைமுறைப் பெயர்களை அடுக்கி, பரன் + பரை என்பதே பரம்பரை என்றும், ஒரு தலைமுறைக்கு அறுபது ஆண்டு என்று எட்டுத் தலைமுறைக்கு 480 ஆண்டு என்றும் இருந்தது. இது சரியா? எங்கள் குடும்பம் சோழர் வழி என்றும் சொல்கிறார்கள். அதைச் சான்றோடு எழுதித் தர முடியுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பரம்பரை என்பது ‘பரம்பரா’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பாட்டன், பூட்டன் என்பவை நம் வழக்கில் உள்ள சொற்களே. அவற்றைக் கொண்டு கணக்குப் போடும்போது ஓர் ஆயுளையும் ஒரு தலைமுறையையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. தந்தை பிறந்ததற்கும் மகன் பிறந்ததற்கும் இடைப்பட்ட காலமே தலைமுறை. நான் வரைந்தவற்றில் அது பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் இருக்கிறது. எட்டுத் தலைமுறை என்றால் இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகள்தாம்.

இரண்டாம் கேள்விக்கு என் விடை: எழுதித் தர மாட்டேன். 1279ஐ ஒட்டிச் சோழராட்சி முடிகிறது. அதற்கும், ஒரு சாதாரணக் குடும்பத்தின் பெயர்கள் தொடர்ச்சியாகக் காகிதத்தில் கிடைக்கத் தொடங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது தலைமுறைகள் உள்ளன. அந்த இருபது பெயர்களில் ஒன்றைக்கூடக் காட்ட இயலாதபோது, கட்டணம் வாங்கிக்கொண்டு அரசர் பெயரோடு ஒரு கோட்டை இழுத்துக் கொடுப்பது உங்கள் உண்மையான முன்னோரை அழிப்பதற்குச் சமம். உங்கள் கொள்ளுப் பாட்டனார் எந்த வாய்க்காலில் நீர் பாய்ச்சினார், எந்த ஆண்டு எவரிடமிருந்து எத்தனை மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார் என்பதைக் கண்டு சொல்ல நான் மகிழ்ச்சியோடு வருவேன்.

மரபணுச் சோதனை செய்துகொண்டால் இவ்வளவு அலைச்சல் தேவையில்லை அல்லவா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சோதனை ஒருவரோடு ஒருவர் உறவு என்பதைச் சொல்லும், எந்த ஊர் என்பதைச் சொல்லாது. ஊரில் இருக்கும் உறவினரும் சோதனை செய்திருந்தால்தான் ஒப்பிட முடியும், நம் கிராமங்களில் அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர்.

வேறொரு சிக்கலும் நமக்கு உண்டு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறையில் மணம் செய்துவந்த குடும்பங்களில் ஒரே மூதாதையர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பெற்றோர் இருவரும் மாமன் மக்கள், அத்தை மக்களாக இருந்தால் அவர்களின் பிள்ளைக்குக் கொள்ளுப் பாட்டன், கொள்ளுப் பாட்டிமார் எட்டுப் பேருக்குப் பதிலாக ஆறு பேரே. அக்காள் மகளை மணந்தவரின் பிள்ளைக்குத் தந்தைவழிப் பாட்டியும் தாயைப் பெற்ற பாட்டியின் தாயும் ஒருவரே. ஆகவே நமக்குள் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் மரபணுப் பங்கு, உறவின் உண்மையான நெருக்கத்தைவிட அதிகமாகத் தோன்றும். பொதுவாக, உடன்பிறந்தாரின் பிள்ளைகள் சராசரியாக 12.5 விழுக்காடு பகிர்வார்கள் என்ற அளவுகோல், வழிவழியாக முறைமணம் செய்தோருக்கு அப்படியே பொருந்தாது. சோதனை நிறுவனம் ‘இரண்டாம் நிலை உறவு’ என்று சொன்னதை நம்பி, கிடைக்காத பொதுப் பாட்டனாரை ஓராண்டு தேடிய குடும்பம் ஒன்று இந்த ஆண்டு என்னிடம் வந்தது. அவர்கள் நான்கு வழிகளில் தூரத்து உறவினர்கள் என்பது மொய் நோட்டாலும் கல்யாணப் பத்திரிகைகளாலும் தெளிவாயிற்று.

நாங்கள் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். தமிழ்நாட்டில் எங்கள் பூர்வீக ஊர் எது என்பது இங்கு யாருக்கும் தெரியவில்லை.
– ஒரு வாசகி, கூடலூர்

நேட்டாலுக்குப் போனவர்களுக்கு இருப்பது போன்ற கப்பல் பட்டியல் உங்களுக்கு இல்லை. கங்காணி முறையில், அதாவது தோட்டத்துக்கு ஆள் திரட்டும் மேற்பார்வையாளர் ஒருவரின் பின்னால், கூட்டம் கூட்டமாக நடந்தும் படகேறியும் போனவர்களை எவரும் தனித்தனியாக எழுதி வைக்கவில்லை. ஆயினும் கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றிலும் இருந்த தன் மக்களையே திரட்டிச் சென்றார். உங்கள் தாத்தாவின் ஊர் மறந்துபோயிருக்கலாம், அவர் எந்தத் தோட்டத்தில் எந்தக் கங்காணியின் கீழ்ப் பேர் பதிந்தார் என்பது பல வீடுகளில் மறக்கப்படவில்லை. அதைப் பிடித்தால், கங்காணியின் வழியினர் கோயில் திருப்பணிக்கும் நிலம் வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பியிருப்பார்கள், அவர்கள் ஊர் ஆவணங்களில் நிற்கும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் உங்கள் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் தொடர்ச்சியான வசிப்பை நிறுவ வேண்டியிருந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள், ஆகாதவர் பத்து ஆண்டுகள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். மனிதர்களை இப்படி எண்களாகப் பங்கிட்ட அந்த நடைமுறைகளில் உருவான விண்ணப்பங்கள், கடவுச்சீட்டு, மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை ஆகியவை இன்று உங்கள் கொடிவழிக்கு ஆதாரம். குடும்ப அட்டையை எறிந்துவிடாதீர்கள். நைந்திருந்தால் இன்றே இரு பக்கமும் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இந்த ஆண்டு கூடலூர், கோத்தகிரி வட்டாரத்தில் நான் பார்த்த அட்டைகளில் பாதிக்கு மேல் மடிப்பில் கிழிந்திருந்தன.

புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மட்டும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருப்பது ஏன்?
– ஒரு வாசகர், காரைக்கால்

1881ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி, தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்தெடுத்துப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அவர்கள் ரெனோன்சான்கள், அதாவது ‘துறந்தவர்கள்’, எனப்பட்டார்கள். ஆகவே அந்தப் பெயர் எந்த நாளில் பிறந்தது என்பதைக்கூடச் சொல்ல முடிகிற குடும்பங்கள் உங்கள் பகுதியில் உண்டு. பிறப்பு, மணம், இறப்புப் பதிவுகளின் படிகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

தேடும்போது குடும்பத்துக்குச் சங்கடமான செய்தி கிடைத்தால் என்ன செய்வீர்கள்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: சாதி நீங்கள் நினைத்திருப்பதாக இல்லாமல் போகலாம், இரண்டாம் தாரம் இருக்கலாம், தத்து இருக்கலாம், மணமாகாமல் பிறந்த பிள்ளை இருக்கலாம். கண்டதை உங்களிடம் மறைக்க மாட்டேன், உங்களைத் தவிர வேறு ஒருவரிடம் சொல்லவும் மாட்டேன், உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அறிக்கையில் எழுத அவர்களுடைய சம்மதம் வேண்டும். கப்பல் பட்டியலில் உள்ள சாதிப் பெயரை நீக்கிவிட்டு அறிக்கை தரும்படி ஒருவர் கேட்டார், வேறு சாதியை எழுதும்படி இன்னொருவர் கேட்டார். முன்னவருக்கு, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘மூலத்தில் உள்ளது, இங்கே எழுதப்படவில்லை’ என்று குறித்துக் கொடுத்தேன். பின்னவருடைய முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

என் கையிலும் ஒரு பிழை இந்த ஆண்டு நேர்ந்தது. பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால், ஒரு குடும்பத்தில் ஒரே பெயரும் ஒரே தந்தைப் பெயரும் உடைய இரண்டு பேர், தாத்தாவும் பேரனுமாக, ஒரே புல எண்ணில் வந்தார்கள். அவர்களை ஒருவராகக் கொண்டு இரண்டு தலைமுறையை நான் விழுங்கிவிட்டேன். குடும்பத்தின் மூத்த மருமகள் ஒருவர் பட்டியலைப் பார்த்து, ‘இவர் இறந்தபின் பிறந்தவருக்கு இவரே எப்படி அப்பா ஆவார்’ என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அறிக்கையைத் திருத்தி, கட்டணமின்றி மீண்டும் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டியலையும், முடிவாக்கும் முன், அந்த வீட்டுப் பெண்களிடம் படித்துக் காட்டுகிறேன்.

இந்த ஆண்டு முடிக்க முடியாமல் போன தேடல் ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

உண்டு. பிஜியில் நாடி நகரத்தில் வாழும் முதியவர் ஒருவர், தம் பாட்டியின் அனுமதிச் சீட்டுப் படியை அனுப்பியிருக்கிறார். பாட்டிக்கு அப்போது வயது இருபது. நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் ஒரு சகோதரியின் பெயர் இருக்கிறது. இடது முழங்கையில் தழும்பு. தாலுகா தெளிவாக இருக்கிறது. ஊர் என்ற இடத்தில் ‘புதூர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாலுகாவில் புதூர் என்ற பெயரோடு முடியும் ஊர்களும் குடியிருப்புகளும் பல. இதுவரை ஐந்து ஊர்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டேன். அக்காள் ஊரில் இருக்க, தங்கை சென்னைக்குப் போய்த் திரும்பி வராத கதை எங்கேனும் சொல்லப்படுகிறதா என்று கேட்கிறேன். ஐந்தாவது ஊரில் கோயில் பூசாரி என்னிடம், அப்படி ஒரு பேச்சைத் தம் பாட்டி சொல்லிக் கேட்டதாக நினைவு இருக்கிறது, ஆனால் அந்த வீட்டார் இப்போது வெளியூரில் இருக்கிறார்கள், பங்குனி உத்திரத்துக்குத்தான் வருவார்கள் என்றார். சீட்டின் படியை எடுத்துக்கொண்டு அன்று போவதாக இருக்கிறேன்.